சொடுக்குச் சத்தம் சிகிச்சை ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

முதுகுவலிக்குக் கைரோபிராக்டிக் (முதுகெலும்பைக் கையால் சட்டென்று அழுத்தியும் திருகியும் சொடுக்கெடுக்கும் முறை) நல்லதா, பிசியோதெரபி நல்லதா என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். கைப்பேசியில் ஓடும் சொடுக்கு வீடியோக்கள்தான் காரணம். 'டக்' என்ற சத்தம் கேட்டதும், விலகிய எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டதாகப் பார்ப்பவர்கள் நம்புகிறார்கள். எந்த எலும்பும் நகர்வதில்லை. மூட்டுத் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயுக்குமிழி உண்டாகும் சத்தம் அது. விரலில் நெட்டி முறித்தாலும் அதேதான். தசை இறுக்கம் தளர்ந்து வலி சற்றுக் குறையும். வலியைக் கிளப்பிய பழக்கம் மாறவில்லை என்றால் மறுபடி வரும்.

கைரோபிராக்டிக் 1895-ல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் தொடங்கியது. அங்கே அதற்குத் தனிப் பட்டமும் அரசு உரிமமும் உண்டு. இந்தியாவில் 2021-ன் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தில் பிசியோதெரபி இருக்கிறது, கைரோபிராக்டிக் இல்லை. எனவே போர்டைப் பார்த்து நுழையாமல், எங்கே, எத்தனை ஆண்டு படித்தவர் என்று கேளுங்கள்.

அதற்காகக் கையால் செய்யும் முதுகுச் சிகிச்சையே வீண் என்று சொல்லமாட்டேன். நாள்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தந்த வழிகாட்டுதலில், உடற்பயிற்சியோடு அதற்கும் இடம் உண்டு. வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அது சொல்லும் பட்டியலில் டிராக்‌ஷன் (முதுகை இழுத்து வைப்பது), அல்ட்ராசவுண்ட் ஒலியலைச் சிகிச்சை, டென்ஸ் (தோல் வழியே லேசான மின்சாரம் செலுத்துவது), இடுப்பு பெல்ட் எல்லாம் இருக்கின்றன. இது பிசியோதெரபிஸ்டுகளான எங்களுக்கும் உறைக்க வேண்டும். பத்து நாள் கரண்ட் வைத்து, பெல்ட்டைக் கட்டி அனுப்பிவிட்டு, ஒரு பயிற்சிகூடச் சொல்லித்தராத பிசியோதெரபியும் காசுக்குக் கேடுதான்.

நல்லவரை முதல் நாளே அடையாளம் காணலாம். குனிய, நிமிரச் சொல்வார். குதிகாலிலும் நுனிக்காலிலும் நடக்கவைப்பார். மல்லாத்திப் படுக்கவைத்துக் காலை நீட்டியபடி தூக்கிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் பயிற்சி. கால் வரை இழுக்கும் வலி நிமிர்ந்தால் குறைகிறது என்றால், குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை ஊன்றி, இடுப்பு தரையிலேயே இருக்க மார்பை மட்டும் உயர்த்தச் சொல்வார். 10 முறை, பகலில் இரண்டு மூன்று மணிக்கொரு தடவை. காலில் இருந்த வலி இடுப்புப் பக்கம் ஏறி வந்தால், இடுப்பில் சற்றுக் கூடினாலும், பாதை சரி. பாதத்தை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்த வேண்டும். கொஞ்ச தூரம் நடந்ததும் கால் கனத்து, உட்கார்ந்தால் சரியாகும் வயதானவர்களுக்கு இதே பயிற்சி பெரும்பாலும் ஒத்துவராது. முன்னால் குனியும் பயிற்சிதான் இதம் தரும். வீடியோ பார்த்துச் செய்பவர்கள் தவறுவது இங்கேதான்.

முதுகுவலி என்று போனவரின் கழுத்தையும் சேர்த்துத் திருகிவிடுகிறார்கள். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரிதாக என்றாலும், வேகமாகத் திருகும்போது கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் படுத்தாலும் அடங்காத வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயோ புற்றுநோய்ப் பரவலோ இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்யும்வரை யாரும் முதுகை அழுத்தக்கூடாது. எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமானவர்களுக்கும், ஸ்டீராய்டு நீண்டகாலம் எடுத்தவர்களுக்கும் சொடுக்கு ஆகவே ஆகாது, எலும்பு நொறுங்கலாம். சிறுநீர் பிரியவில்லை, மலவாயைச் சுற்றி மரத்துவிட்டது, பாதத்தைத் தூக்க முடியவில்லை என்றால் இரண்டு பேரிடமும் போகாமல் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலம் தாழ்த்தினால் நரம்பு மீளாமல் போகலாம்.

காசு இல்லை என்று சொடுக்குக்காரரைத் தேடுபவர்களுக்கு ஒரு தகவல்: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பிசியோதெரபி இலவசம். எழுந்து நடமாட முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் பதிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்ட் ஒருவர்,
மதுரை