தறிச் சத்தமும் போர் விமானச் சத்தமும் ஒன்றல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறன்று தங்கள் நாளிதழில் சூலூர் போர் விமானப் பயிற்சி பற்றிய செய்தி வந்திருந்தது. படங்கள் அழகாக இருந்தன. ஆனால் கடைசிப் பத்தியில், "விசைத்தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு சத்தமா?" என்று எழுதியிருக்கிறீர்கள். 33 ஆண்டுகளாகத் தறி ஓட்டுகிறவன் நான். அந்த வரி இன்னும் தொண்டையில் நிற்கிறது.

எட்டுத் தறியும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் கையாலும் உதட்டாலும்தான் பேசுவோம். அந்தச் சத்தத்தில் எங்கள் வீட்டுத் தொட்டில் பிள்ளை அயர்ந்து தூங்கும். மின்சாரம் போய்த் தறி நின்றால்தான் விழித்து அழும். சீராக வருகிற சத்தம் அது. வேண்டாமென்றால் நிறுத்த என் கையில் சுவிட்ச் இருக்கிறது. தேஜஸ் போர் விமானம் அப்படியா வருகிறது? ஓட்டுத் தாழ்வாரம் அதிர்ந்து அடங்குவதற்குள் விமானம் கண்ணுக்கு மறைந்துவிடும். என் பேத்தியோ ஒரு மணி நேரத்துக்கு இடுப்பை விட்டு இறங்க மாட்டாள். தறியால் என் காது பாதி போய்விட்டது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அது பிழைப்புக்காக நானே கொடுத்தது. அந்தக் குழந்தையிடம் யார் கேட்டார்கள்?

சூலூர் விமானப்படைத் தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தது, தெரிந்துதானே குடியிருக்கிறீர்கள் என்பார்கள். தெரியும் ஐயா. ஏஎன்-32 சரக்கு விமானங்களை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தோம். தேஜஸ் படைப்பிரிவு ஒன்று 2018இல் வந்தது, 2020 மே மாதம் இன்னொன்று சேர்ந்தது. அதற்கு முன்பிருந்த வானம் வேறு. தளத்துக்குப் பக்கத்தில் வீடு என்பதால், மாடி எடுக்கத் தடையில்லாச் சான்றுக்கு ஒன்றரை ஆண்டு அலைந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

சத்தம் குறித்து மனு எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் வாங்கிப் படிக்கக்கூட இல்லை. "நாட்டுப்பற்று இல்லையா?" என்றார். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்டோர் இறந்தார்கள். மறுநாள் அந்த உடல்கள் சூலூர் தளத்துக்கு வந்தபோது சாலையோரம் பூவோடு நின்ற கூட்டத்தில் நானும் என் மனைவியும் இருந்தோம். எங்களிடமா அந்தக் கேள்வி?

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், பள்ளி, மருத்துவமனை இருக்கும் அமைதி மண்டலத்துக்கு 50 என்று வரம்பு வைத்திருப்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1992இல் விமான நிலையத்தை இடம் மாற்றியபோது, பழைய நிலையத்தின் அருகே வசித்த பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் தேறின. புதிய நிலையத்தின் அருகே இருந்தவர்களுக்குக் குறைந்தன. ஆய்வாளர்கள் பரிசோதித்துச் சொன்னது இது. எங்கள் ஊர்ப் பள்ளியில் விமானம் போகும்வரை ஆசிரியை சுண்ணக்கட்டியைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். ஒரு நாள் வந்து அதையும் படம் எடுங்கள். 2022 ஜனவரியில் கூலி உயர்வுக்காகக் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகளை நிறுத்தினோமே, அப்போது உள்பக்கத்தில் நான்கு வரி போட்டீர்கள். எங்கள் தறிச் சத்தம் இப்போதுதான் தங்கள் நினைவுக்கு வந்ததா?

தளத்தை மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. படை ரகசியமும் எனக்கு வேண்டாம். 'நாளைய மின்தடை' என்று தினமும் போடுகிறீர்கள் அல்லவா? அதன் கீழே, பயிற்சி நடக்கும் நாட்களில் 'காலையில்' அல்லது 'மாலையில்' என்று ஒரே ஒரு சொல், தளத்தாரிடம் கேட்டு வெளியிடுங்கள். குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போய் உட்கார அது போதும். பொதுத்தேர்வு நாட்களில் காலை பத்து மணி முதல் ஒன்றேகால் வரை எங்கள் ஊர்களின் மேல் பறக்க வேண்டாம் என்ற வேண்டுகோளையும் தங்கள் வழியாகத் தெரிவியுங்கள்.

அந்த ஒரு வரிக்கு மறுப்பும் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விசைத்தறியாளர்,
சூலூர் வட்டம், கோவை மாவட்டம்.