தேசிய மருத்துவ ஆணையத்திற்கு: வார்டில் கற்பிப்பதையும் கணக்கில் எடுங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் ஒரு வட்டார அரசு மருத்துவமனையில் பொது மருத்துவராகப் பணிபுரிகிறேன். இதய அறுவைச் சிகிச்சை எதையும் நான் செய்ததில்லை, செய்யப்போவதுமில்லை. ஆயினும் எனக்கு மருத்துவம் கற்பித்தவர்களில் முதலிடம் ஓர் இதய அறுவைச் சிகிச்சைப் பேராசிரியருக்குத்தான். அவரைப் போன்ற ஆசிரியர்களை ஆணையத்தின் பதவி உயர்வு விதிகள் எவ்வாறு அளக்கின்றன என்பது குறித்தே இம்மடலை எழுதுகிறேன்.

எம்.பி.பி.எஸ். படிக்கையில் சில நாட்கள் அவருடைய வார்டில் எங்களுக்குப் போஸ்டிங். அறுவை அரங்குக்கு அழைத்துச் செல்வார் என்று ஆவலோடு போனோம். அவரோ, வால்வு மாற்றத்திற்காகக் காத்திருந்த ஒரு பெண்மணியிடம் அனுமதி கேட்டு, அவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் செய்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, ஸ்டெதாஸ்கோப்பின் ‘பெல்’ பகுதியை இதயத்தின் நுனியில் மெல்ல வைத்து, எங்களை ஒவ்வொருவராகக் கேட்கச் சொன்னார். இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தால் எழும் அந்தத் தாழ்ந்த உறுமல் எனக்குக் கேட்கவில்லை, கேட்டதாகத் தலையாட்டினேன். அவரிடம் அப்படித் தலையாட்டித் தப்பியவர் எவருமில்லை. மறுநாள் ரவுண்ட்ஸுக்கு அரை மணி நேரம் முன்னதாக வரச் சொன்னவர், எனக்குக் கேட்கும்வரை விடவில்லை. பிறகு அந்தப் பெண்மணியையே பேசவிட்டார். சிறுவயதில் தொண்டை வலி. சில வாரங்களில் ஒரு மூட்டிலிருந்து மறு மூட்டுக்குத் தாவிய வலி. வலி மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிய மருத்துவர். அவருடைய வால்வைக் கெடுத்தது, அந்தத் தொண்டை வலியைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சல். “அன்றைக்கு ஒருவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்திருந்தால் இன்றைக்கு நான் கத்தியை எடுக்க வேண்டியதில்லை” என்றார் பேராசிரியர்.

இன்று என் புறநோயாளர் பிரிவுக்கு மூட்டு வலியோடு வரும் ஒவ்வொரு சிறுவனின் நெஞ்சிலும் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கிறேன். ஐயம் இருந்தால் எக்கோ எனும் இதய ஒலியலைப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன். ருமாட்டிக் காய்ச்சல் என்று உறுதியானவர்களுக்கு 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி தவறாமல் போகிறதா என்று தனி நோட்டுப் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன். அவர் கற்பித்ததன் பலன், அவருடைய அறுவை மேசைக்கு வராமலே போகும் நோயாளிகள்தாம். அந்தக் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இந்நாட்டில் இதய அறுவைச் சிகிச்சை வேரூன்றியதே கற்பித்தலால்தான். 1940களின் இறுதியில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த ரீவ் பெட்ஸ், நெஞ்சக அறுவைத் துறையைத் தொடங்கியதோடு நிற்காமல் அங்கேயே பயிற்சியையும் ஏற்படுத்தினார். அவரிடம் பயின்ற என். கோபிநாத், 1962இல் அதே வேலூரில் செய்த திறந்த இதய அறுவைக்காக இன்றும் முன்னோடியாக மதிக்கப்படுகிறார். பின்னர் டெல்லி எய்ம்ஸில் அத்துறையை வளர்த்தார். 1994 ஆகஸ்ட் 3 அன்று இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவையைச் செய்த பி. வேணுகோபால், எய்ம்ஸில் அந்தத் துறையிலிருந்து வந்தவர். இத்தொடரில் ஒருவர் மட்டும் ‘எனக்கு அறுவையே போதும், மாணவர்கள் வேண்டாம்’ என்று இருந்திருந்தால் நாம் எத்தனை ஆண்டுகள் பின்தங்கியிருப்போமோ!

இப்போது பதவி உயர்வுக்கு ஆணையம் கேட்பவை பணியாண்டுகள், ஆய்வுக் கட்டுரைகள், மருத்துவக் கல்வி குறித்த பயிற்சி வகுப்பின் சான்றிதழ் ஆகியவை. அவை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கட்டுரை எழுதாமல் காலை ஏழரை மணிக்குக் கட்டிலருகே நிற்பவரும், மாணவர் முகமே அறியாமல் கட்டுரைகளை அடுக்குபவரும் இவ்விதிகளின் முன் நிற்கும்போது, முன்னவர்தான் பின்தங்குகிறார். முக அடையாள வருகைப் பதிவும் ஆசிரியர் வளாகத்துக்குள் இருந்தார் என்பதை மட்டுமே காட்டும். மருத்துவர்களுக்கான பி.சி. ராய் தேசிய விருதில் சிறந்த மருத்துவ ஆசிரியருக்கென ஒரு பிரிவு இருந்தது என்பதை அறிவேன். நாடு முழுவதிலுமிருந்து விரல்விட்டு எண்ணத்தக்க சிலருக்குக் கிடைக்கும் ஒரு விருது, ஒரு கல்லூரியின் அன்றாடத்தை மாற்றிவிடாது.

ஆகவே, வார்டில் நோயாளியின் அருகே கற்பிக்கும் நேரத்தைப் பதவி உயர்வுக்கான தகுதிகளில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதை மதிப்பிடும் பொறுப்பை, தேர்வு மதிப்பெண்ணுக்கு அஞ்சி எழுதும் நடப்பு மாணவர்களிடம் மட்டும் விட வேண்டாம். படித்து முடித்து ஐந்தாண்டுகளாவது ஊர்ப்புறங்களில் பணியாற்றிய பழைய மாணவர்களிடமும் கேளுங்கள். யார் கற்பித்தது நோயாளியின் முன் கைகொடுத்தது என்பது எங்களுக்குத்தான் தெரியும். எங்கள் பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்கு இனி இதனால் பயனில்லை. அவருடைய இடத்தில் இன்று நிற்பவருக்காக, ஆணையம் கேட்டால் எழுதித்தர எங்கள் வகுப்பில் பலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் அரசு மருத்துவர்