“ஒரு வாய்தானே” என்று சொல்லாதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம், மதுரையில் உள்ள ஒரு மருத்துவமனையில், எங்கள் மகன் தன் வாழ்நாளில் முதன்முறையாக முட்டை சேர்ந்த கேக்கை உண்டான். பட்டாணி அளவுத் துண்டு ஒன்றில் தொடங்கி, சிறிது நேரம் காத்திருந்து, தோலையும் மூச்சையும் நாடியையும் பார்த்துவிட்டு, பிறகு அதைவிடச் சற்றுப் பெரிய துண்டு என்று காலைப் பொழுது முழுவதும் கடந்தது. கடைசித் துண்டை உண்ட பிறகும் சில மணி நேரம் அங்கேயே அமர்ந்திருந்தோம். தடிப்பு வரவில்லை, இருமல் வரவில்லை, உதடு வீங்கவில்லை. தூத்துக்குடிக்குத் திரும்பும் பேருந்தில் அவன் என் மடியில் உறங்க, அந்த ஒரு துண்டு கேக் வரை எங்களைக் கொண்டுவந்து சேர்த்தவர்களை நான் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். நேரில் சொல்ல முயன்றால் எனக்குப் பேச்சு வராது என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் மகனுக்கு வயது 8. பால், முட்டை, முந்திரி ஆகிய மூன்றும் அவனுக்குச் சேராது. முந்திரியும் பிஸ்தாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் பிஸ்தாவும் கூடாது. “பால் சேராது” என்றால் வயிற்று உப்புசம், செரிமானக் கோளாறு என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அது பாலில் உள்ள சர்க்கரை செரிக்காததால் வருவது, அதனால் உயிருக்கு ஆபத்து இல்லை. இவனுக்கு இருப்பது வேறு. பாலில் உள்ள புரதத்தையே இவன் உடல் பகையாக எண்ணிப் போர் தொடுக்கிறது. அந்தப் போரில் தொண்டை வீங்கி, மூச்சுக்குழல் சுருங்கி, இரத்த அழுத்தம் விழுந்துவிடலாம். “பசும்பால் வேண்டாம் என்றால் ஆட்டுப்பால் கொடுத்துப் பாருங்கள்” என்று அன்போடு சொன்னவர்கள் பலர். இரண்டு பாலிலும் உள்ள புரதங்கள் மிகவும் ஒத்தவை. பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் சேராது.

இதையெல்லாம் நாங்கள் முழுமையாகக் கற்றது அவனுடைய மூன்றாவது வயதில், ஒரு பிறந்தநாள் விருந்தில். பெட்டியில் பச்சைப் புள்ளி இருந்தது, முட்டை சேர்க்காத கேக் என்று எழுதியும் இருந்தது, கடையில் விசாரித்தபோதும் “முட்டையே கிடையாது, தைரியமாகக் கொடுங்கள்” என்றார்கள். முட்டைக்குப் பதிலாகப் பெரும்பாலும் கண்டென்ஸ்டு மில்க்கும் தயிரும் சேர்ப்பார்கள் என்பதை நான் அன்று அறியவில்லை. பச்சைப் புள்ளி சைவம் என்பதை மட்டுமே சொல்கிறது, நம் நாட்டில் பாலும் சைவம்தான். பத்தே நிமிடத்தில் அவன் குரல் கம்மியது.

அன்று தெருமுனையில் நின்ற ஆட்டோ ஓட்டுநருக்கு என் முதல் நன்றி. எங்கே, என்ன என்று ஒரு கேள்வியும் கேட்காமல் அவர் வண்டியைத் திருப்பினார். நாங்கள் உள்ளே ஓடிய பிறகும் போகாமல் வாசலில் மாலை வரை நின்றிருந்தார், கூலி வாங்கிக்கொள்ளவும் இல்லை. அவசரப் பிரிவில் இருந்த செவிலியருக்கு இரண்டாவது நன்றி. அவர் பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் மருத்துவரை அழைத்தார், தொடையில் அட்ரினலின் ஊசி போடப்பட்டது, சில நிமிடங்களில் மூச்சு சீரானது. அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரையோ மருந்தோ அந்த வேலையைச் செய்யாது என்று அவர்தான் எனக்கு முதலில் சொன்னார்.

எதிர்வீட்டு அக்காவும் செவிலியர்தான். தானாக ஊசி ஏற்றும் பேனா எங்களுக்கு எளிதில் கிடைக்காததால், அட்ரினலின் அடைத்த சிறு கண்ணாடிக் குப்பியான ஆம்பியூலையும் சிரிஞ்சையும் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், ஒரு மில்லிலிட்டர் ஆம்பியூலில் ஒரு மில்லிகிராம் மருந்து, ஆகவே அன்று 14 கிலோ இருந்த பிள்ளைக்கு 0.14 மில்லிலிட்டர். இந்தக் கணக்கை மருத்துவர் எழுதிக் கொடுத்தார், அக்காதான் அதை எங்கள் கைகளுக்குப் பழக்கினார். நடுங்கும் கையோடு ஆம்பியூலின் கழுத்தை உடைத்து, சரியான அளவை உறிஞ்சி, ஒரு சாத்துக்குடியில் குத்திப் பழகியது இன்றும் நினைவில் இருக்கிறது. என் கணவருக்கும், அத்தைக்கும், பிறகு பள்ளி ஆசிரியைக்கும் அவரே பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். அவன் எடை கூடும்போதெல்லாம் பையில் ஒட்டியிருக்கும் சீட்டில் அளவு மாறியிருக்கிறதா என்று அவர் தவறாமல் கேட்பார்.

என் மாமியாரான அத்தையைப் பற்றி எழுதும்போது எனக்குக் கண் நிறைகிறது. தொடக்கத்தில் அவர்களுக்கு இது விளங்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. பாலும் நெய்யும் பிள்ளைக்குக் கூடாது என்பது, ஐந்து பிள்ளைகளை நெய்ச்சோறு ஊட்டி வளர்த்த ஒருவருக்கு எத்தனை வேதனையான சொல்லாக இருந்திருக்கும்! அந்த மருத்துவமனை நாளுக்குப் பிறகு அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் எழுந்து, மோர் உறை ஊற்றும் சட்டியையும் நெய்ச் சாடியையும் தங்கை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். நாற்பது ஆண்டுகளாகக் குடித்துவந்த பால் காப்பியை விட்டுவிட்டுக் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பிக்கு மாறினார்கள். தாளிக்க நல்லெண்ணெய், பாயசத்துக்குத் தேங்காய்ப்பால், பொங்கலில் முந்திரிக்குப் பதிலாகத் தேங்காய்ப் பல் என்று வீட்டுச் சமையலையே மாற்றி அமைத்தார்கள். கோவிலில் யாராவது பிரசாதத்தை அவன் கையில் வைத்தால், இவர்கள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றித் தன் முந்தானையில் முடிந்துகொள்வார்கள். கொடுத்தவர் மனமும் நோகாது, பிள்ளைக்கும் ஆபத்து இல்லை. அந்த நயம் எனக்கு இன்னும் கைவரவில்லை.

மளிகைக் கடை அண்ணாச்சிக்கு நான் பட்ட கடன் பெரிது. முந்திரி அள்ளிய அதே கரண்டியால் உளுந்தும் அள்ளினால் என்ன ஆகும் என்பதை நான் ஒரே ஒரு முறைதான் விளக்கினேன். அன்று முதல் எங்களுக்கான பருப்பும் மாவும் பிரிக்காத மூட்டையிலிருந்து, தனிக் கரண்டியால், மற்ற வாடிக்கையாளர்கள் வரும் முன்பே நிறுக்கப்பட்டன. 2020-ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிமுறைகளின்படி, பால், முட்டை, மீன், நிலக்கடலை, மரக்கொட்டைகள், சோயா, குளூட்டன் உள்ள தானியங்கள் போன்றவை சேர்ந்திருந்தால் அதைப் பொட்டலத்தின் மீது தனியாகக் குறிப்பிட வேண்டும். பொடி எழுத்தில் இருக்கும் அந்த ஒரு வரியைத் தேடிப் படிக்க அண்ணாச்சி பழகிக்கொண்டார். ஒரு முறை, நாங்கள் மாதக்கணக்கில் வாங்கிவந்த பிஸ்கட்டின் புதிய சரக்கில் பால் பொருள் சேர்க்கப்பட்டிருந்ததைக் கண்டு, இரவு ஒன்பது மணிக்கு அவரே தொலைபேசியில் அழைத்தார். நான் பழைய பழக்கத்தில் படிக்காமலே வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

பள்ளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், சுருக்கமாகச் சொல்வதால் நன்றி குறைவு என்று பொருளில்லை. பிறந்தநாள் என்றால் வகுப்பில் பால் சாக்லேட் கொடுக்கும் வழக்கத்தைப் பென்சிலாகவும் அழிப்பானாகவும் மாற்றிய ஆசிரியைக்கு நன்றி. அதை ஏற்றுக்கொண்ட மற்றப் பெற்றோருக்கும், உணவுக்குப் பின் கை கழுவாமல் இவனைத் தொடாத அந்த 30 பிள்ளைகளுக்கும் நன்றி. சத்துணவுக் கூடத்து ஆயாவுக்குத் தனி வணக்கம். முட்டை உண்ணாத பிள்ளைகளுக்குத் தரும் வாழைப்பழத்தை, முட்டை உரித்த கையால் எடுக்கக் கூடாது என்று, உரிக்கத் தொடங்கும் முன்பே எடுத்துத் தனித் தட்டில் மூடி வைத்தவர் அவர். அப்படிச் செய்யும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இனி பேக்கரி மாஸ்டர். நான்கு வயதில் அவன் என்னிடம் கேட்டான், “அம்மா, அந்தக் கடை வாசனைய மட்டும் சாப்பிடலாமா?” எங்கள் தெருமுனையில் விறகு அடுப்பு வைத்த பழைய பேக்கரி ஒன்று இருக்கிறது. ரொட்டியில் பால் பவுடர், பன்னின் மேல் முட்டைப் பூச்சு, பப்ஸில் வெண்ணெய் என்று அங்கே அவன் தொடக்கூடியது ஒன்றுமே இல்லை. வீட்டில் நான் முயன்ற கேக்குகளோ நடுவில் குழிந்து, களிபோல் வந்தன. ஒரு நாள் தயங்கித் தயங்கி மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “தம்பி என்னென்ன சாப்பிடலாம், அதச் சொல்லுங்க” என்பது. சாப்பிடக் கூடாதவற்றின் பட்டியலையே கேட்டுப் பழகிய எனக்கு அந்தக் கேள்வி எவ்வளவு புதிதாக இருந்தது என்பதை எப்படிச் சொல்வேன்!

பால், முட்டை, வெண்ணெய் எளிதில் கிடைக்காத தட்டுப்பாட்டுக் காலத்தில் அமெரிக்க வீடுகளில் செய்த கேக் ஒன்றின் அளவை நான் எழுதி வைத்திருந்தேன். ஒன்றரைக் கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர், கப்பில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய், ஒரு தேக்கரண்டி சோடா உப்பு, ஒரு மேசைக்கரண்டி வினிகர். அதைப் பார்த்தவுடன் மாஸ்டர் என் தவறைச் சொன்னார். சோடாவும் வினிகரும் சேர்ந்த நொடியிலேயே காற்றுக் குமிழ்கள் உண்டாகத் தொடங்கிவிடும். தாங்கிப் பிடிக்க முட்டை இல்லாத மாவை வெளியே காக்க வைத்தால் அவை ஓடிப்போகும், அதிகம் அடித்தால் மாவு சவ்வாகும். வினிகரைக் கடைசியாக ஊற்றி, நான்கு சுற்றுக் கலக்கி, உடனே அடுப்பில் தள்ள வேண்டும். தண்ணீருக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலையும், சர்க்கரையில் பாதிக்கு உடன்குடிக் கருப்பட்டியையும் சேர்க்கச் சொன்னதும் அவர்தான். ஞாயிறு அதிகாலையில் அடுப்பின் தரையைக் கூட்டித் துடைத்து, வேறு எந்தத் தட்டும் உள்ளே போகும் முன், எங்கள் தகரத்தை முதல் ஈடாக வைத்தார். அந்தத் தகரத்தை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று அதன் அடியில் ஆணியால் கீறி அடையாளமும் போட்டார். நான்கு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் ஈடு எங்களுடையதாகவே இருக்கிறது.

பிறகு அவன் மக்ரூன் கேட்டான். தூத்துக்குடியில் பிறந்த பிள்ளை கேட்காமல் இருப்பானா? மக்ரூன் என்பதோ முட்டை வெள்ளைக்கரு, முந்திரிப் பொடி, சர்க்கரை ஆகிய மூன்று மட்டுமே. அதில் இரண்டு அவனுக்கு நஞ்சு. கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர் வெள்ளைக்கருவைப்போல் நுரைக்கும் என்பதை 2014-இல் ஃபிரான்ஸைச் சேர்ந்த ஜோயல் ரோஸல் என்ற பாடகர் கண்டறிந்தார். மறு ஆண்டு அமெரிக்கரான கூஸ் வோல்ட் அதற்கு அக்வாஃபாபா என்று பெயர் வைத்தார். எங்கள் ஊரையே அறியாத அந்த இருவருக்கும் இந்த மடலில் என் நன்றி உரியது. மருத்துவரிடம் கேட்டு, முந்திரிக்குப் பதிலாக வெள்ளரி விதையை எடுத்துக்கொண்டோம். அதையும் அண்ணாச்சிதான் பிரிக்காத பொட்டலமாகத் தருவித்தார். முதல் முறை தட்டில் பரவி அப்பளமாயிற்று. இரண்டாம் முறை கூம்பாக நின்றது, ஆனால் கடல்காற்றின் ஈரத்தில் பிசுபிசுத்துவிட்டது. மூன்றாம் முறை மாஸ்டர் கடலைத் தண்ணீரைப் பாதியாக வற்றவைத்து, குளிரச் செய்து, எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டு, பொடித்த சர்க்கரையைச் சிறிது சிறிதாகத் தூவி அடித்தார்; விதைப் பொடியை வெயிலில் காயவைத்துச் சேர்த்தார்; தணிந்த அடுப்பில் நெடுநேரம் விட்டு வைத்தார். மறுநாள் காலையில் வெள்ளை வெளேரென்று, முனை சுருண்ட சிறு கூம்புகள் கிடைத்தன. முந்திரியின் மணம் அதில் இல்லை என்பதை அவரே சொன்னார். என் மகனுக்கு அந்தக் குறை தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, கரையும் வரை வாயில் வைத்திருந்தான்.

மதுரை மருத்துவருக்கும் அவர் குழுவினருக்கும் எங்கள் வணக்கம். மாவோடு கலந்து 180 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் வெந்த முட்டையின் புரதம் உருமாறிவிடுவதால், முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பலரால் அதைத் தாங்க முடியும் என்றும், அதைச் சோதனைகளுக்குப் பிறகு மருத்துவமனையில்தான் பார்க்க வேண்டும், வீட்டில் ஒருபோதும் முயலக் கூடாது என்றும் அவர் விளக்கினார். அவித்த முட்டையும் ஆம்லெட்டும் இன்னும் கூடாது. மாவே சேராமல் குறைந்த சூட்டில் உலரும் உண்மையான மக்ரூனும் கூடாது. கேக்கில் வெந்த முட்டையை மட்டும் முறையாகத் தொடர்ந்து கொடுத்துவரச் சொல்லியிருக்கிறார். பாலுக்கான சோதனையை அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றிருக்கிறார்.

இந்த ஐந்து ஆண்டுகளில் “ஒரு வாய் கொடுத்தால் என்ன ஆகிவிடும்?” என்ற கேள்வியை நான் எண்ணற்ற முறை கேட்டிருக்கிறேன். கேட்டவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. கண்ணால் காணாத ஒன்றை நம்புவது கடினம். ஆனால் மேலே எழுதிய ஒவ்வொருவரும் என் சொல்லை நம்பினார்கள். ஓர் அன்னையின் மிகையான அச்சம் என்று ஒதுக்காமல், கரண்டியை மாற்றினார்கள், தட்டை மூடினார்கள், அடுப்பைத் துடைத்தார்கள். என் பிள்ளை உயிரோடு இருப்பது மட்டுமல்ல, ஊரோடு சேர்ந்து உண்டு வளர்வதும் அந்த நம்பிக்கையால்தான்.

வரும் ஞாயிறு மாலை நீங்கள் அனைவரும் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று குடும்பத்தோடு கேட்டுக்கொள்கிறோம். அன்றைய முதல் ஈட்டில், இரண்டு முட்டை சேர்த்த தேங்காய்ப்பால் கேக்கை மாஸ்டர் சுடுகிறார். மகனே உங்களுக்குப் பரிமாறுவதாகச் சொல்லியிருக்கிறான். அத்தை சுக்குக் காப்பி போட்டு வைப்பார்கள். அந்த ஆட்டோ ஓட்டுநரின் பெயரை அன்று கேட்டுக்கொள்ளத் தவறிவிட்டேன். இதைப் படிப்பவர் யாருக்கேனும் அவரைத் தெரிந்திருந்தால், தயவுசெய்து அவரையும் உடன் அழைத்து வாருங்கள்.

நன்றியுடனும் அன்புடனும்,
ஒரு தாய்,
தூத்துக்குடி