மெட்ராஸில் அகப்பட்ட கல்

கிருஷ்ணகிரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாதையா,

உன் கடிதம் போன வாரமே வந்து சேர்ந்தது. முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, கைத்தடி ஊன்றி மொட்டை மாடி வரை ஏறிவிட்டாய் என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. பயிற்சி வலிக்கிறது என்று பாதியில் நிறுத்திவிடாதே. பள்ளிக்கூடத்தில் கபடிப் பயிற்சிக்கு நீ என்னென்ன சாக்குச் சொன்னாய் என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இங்கே இந்த ஆண்டு மாங்காய்க்கு விலை இல்லை. கூழ் தொழிற்சாலைக்காரர்கள் பெங்களூரா ரகத்துக்குச் சொல்லும் விலை பறிகூலிக்கும் வண்டிக் கூலிக்குமே சரியாகப் போகிறது. என் மைத்துனர் பாதித் தோட்டத்தைப் பறிக்காமலே விட்டுவிட்டார். கிரானைட் பட்டறையை மகன் பார்த்துக்கொள்கிறான். நான் காலையில் ஒரு நடை போய், அறுத்து வைத்த பலகைகளைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்புவதோடு சரி. குறை சொல்லாமல் திரும்பினால் மருமகளுக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

இனி உன் கேலிக்கு வருகிறேன். “ஆயுள் முழுக்கக் கல்லைக் கட்டிக்கொண்டு அழுதது போதாதா, இப்போது வானத்தில் கல் பொறுக்கக் கிளம்பிவிட்டாயா?” என்று கேட்டிருக்கிறாய். ஆமாம், கிளம்பிவிட்டேன். பேரன் பள்ளிப் பாடத்துக்காகச் சிறுகோள்களை, அதாவது சூரியனைச் சுற்றிவரும் சின்னச் சின்னப் பாறைகளைப் பற்றிக் கேட்கப் போக, அவனுக்குச் சொல்வதற்காகப் படித்தவன் அதிலேயே மாட்டிக்கொண்டேன். அவன் மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துவிட்டான். எனக்குத்தான் விடவில்லை. அதுவும் எல்லாச் சிறுகோளும் அல்ல; வெரா என்ற ஒரு கல். பட்டியலில் அதன் எண் 245.

நீ குடியிருக்கும் ஊரில் கண்டுபிடித்த கல் அது, தெரியுமா? நுங்கம்பாக்கத்தில் இப்போது வானிலை மையம் இருக்கிற வளாகத்தில்தான் மெட்ராஸ் வானாய்வு நிலையம் இருந்தது. 1861 முதல் 1891இல் சாகும் வரை நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் அதை நடத்தினார். நட்சத்திரங்களின் வெளிச்சத்தை முதல் தரம், ஆறாம் தரம் என்று பிரிக்கிறார்களே, அந்த ஐந்து படிக்கு நூறு மடங்கு வித்தியாசம் என்று கணக்கை ஒழுங்கு செய்தவர் அவர்தான். 1856இல் அவர் சொன்ன அந்தக் கணக்கு இன்றைக்கும் மாறவில்லை. மெட்ராஸில் இருந்தபடி ஐந்து சிறுகோள்களைக் கண்டார். முதலாவது 1861இல். ஆசியாவிலிருந்து கண்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர் வைத்தார். பிறகு சாஃபோ, சில்வியா, கமில்லா. கமில்லாவுக்குப் பிறகு நீண்ட இடைவெளி. கடைசியாக 1885 பிப்ரவரி 6 அன்று வெரா.

எப்படிக் கண்டார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புகைப்படத் தகட்டில் சிறுகோள் தேடும் வழக்கம் 1891 கடைசியில்தான் ஜெர்மனியில் தொடங்கியது. அதற்குச் சில மாதங்கள் முன்பே போக்சன் இறந்துவிட்டார். எனவே எல்லாம் கண்ணும் கையும்தான். வானத்தில் ஒரு சிறு துண்டை எடுத்துக்கொண்டு, அதில் தெரியும் மங்கலான புள்ளிகளை எல்லாம் தாளில் குறித்து வைத்து, மறுநாள் இரவு அதே துண்டைப் பார்த்து, எந்தப் புள்ளி இடம் மாறியிருக்கிறது என்று தேட வேண்டும். வெராவின் தொலைவில் இருக்கும் கல் ஓர் இரவுக்குள் நகரும் தூரம் நிலாவின் அகலத்தில் பாதிக்கும் குறைவு. வெளிச்சமோ, வெறும் கண்ணுக்கு எட்டும் கடைசி நட்சத்திரத்தைவிடப் பல பத்து மடங்கு மங்கல். மெட்ராஸ் புழுக்கத்தில், கொசுக்கடியில், விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறார்கள். ஆட்பலமும் குறைவு. அவர் அளந்து வைத்த நட்சத்திர அட்டவணைகளில் பெரும்பகுதி அவர் இறந்த பிறகுதான் அச்சேறியது.

இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும். அங்கே உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒரு மாறொளி நட்சத்திரத்தை, அதாவது வெளிச்சம் கூடிக் குறைகிற நட்சத்திரத்தைக் கண்டார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, என்ன நடக்கப்போகிறது என்று சாதாரண மக்களுக்குப் புரியும்படி நூல் எழுதினார், தமிழிலும் வந்தது. வெராவைப் பார்க்க அவர் இல்லை, 1880இலேயே காலமாகிவிட்டார். துரை பெயர் ஊருக்குத் தெரிகிற அளவுக்கு இவர் பெயர் தெரியவில்லையே என்பது என் ஆதங்கம். உன் பேத்தியிடமாவது சொல்லிவை.

வரிசையில் வெராவுக்கு முந்தைய எண்ணைக் கேட்டால் சிரிப்பாய். 244 என்பது சீதா. நம் சீதாதேவிதான். 1884 அக்டோபரில் வியன்னாவில் பாலிசா என்பவர் கண்டுபிடித்து, சீதையின் பெயரை வைத்தார். ஆஸ்திரியாவில் அகப்பட்ட கல்லுக்குச் சீதை, நுங்கம்பாக்கத்தில் அகப்பட்ட கல்லுக்கு வெரா! போக்சனின் இரண்டாம் மனைவி யோசனை சொல்லி வைத்த பெயராம். மனைவி சொன்ன பிறகு அவர் என்ன செய்வார், பாவம். 243 ஐடா, அதுவும் பாலிசா கண்டதுதான். கலிலியோ விண்கலம் 1993இல் அதன் அருகே பறந்தபோது, அந்தக் கல்லுக்கு ஒரு குட்டி நிலாவும் இருப்பது தெரிந்தது. வெராவுக்கு இதுவரை எந்தக் கலமும் போகவில்லை.

ஆனால் இருந்த இடத்திலிருந்தே நிறையத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். அது சுமார் 80 கிலோமீட்டர் அகலம். ஒசூரிலிருந்து தருமபுரி வரை நேர்கோடு போட்டால் ஏறக்குறைய அவ்வளவு வரும். சூரியனிலிருந்து நாம் இருக்கும் தொலைவைப் போல மூன்று மடங்குக்குச் சற்று அதிகமான தொலைவில், ஒரு சுற்றை முடிக்க ஏறக்குறைய ஐந்தரை ஆண்டு எடுத்துக்கொள்கிறது. தன்னைத்தானே சுற்ற 14 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். சாதாரணக் கல்லின் அடர்த்தியை வைத்து நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நம் பட்டறைக்கு கிரேன் வைத்து இறக்குகிற பத்து டன் பிளாக் அங்கே ஒரு சிறிய அரிசி மூட்டை அளவுக்குத்தான் கனக்கும். கிரேன் வாடகை மிச்சம் என்றேன் மகனிடம். முறைத்தான்.

இப்போது கல்லைப் பற்றிப் பேசலாம். இதில் உன்னைவிட எனக்குக் கொஞ்சம் தெரியும். குவாரியில் ஒரு பிளாக்கை எப்படி மதிப்போம்? சுத்தியால் தட்டி ஓசை கேட்போம், தண்ணீர் ஊற்றி நிறம் பார்ப்போம், முனையை உடைத்து உள்ளே கனிமத் துகள்கள் எப்படி இருக்கின்றன என்று, அதாவது கல்லின் மணியைப் பார்ப்போம். நாற்பது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற கல்லை இப்படிச் செய்ய முடியாது. அது திருப்பி அனுப்பும் சூரிய வெளிச்சம் ஒன்றுதான் கையில் இருக்கிறது. அந்த வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால், அகச்சிவப்புப் பகுதியில் ஒரு மைக்ரான் அலைநீளத்துக்கு அருகே வெளிச்சம் குறைந்து ஒரு பள்ளம் விழுகிறது. ஒலிவின், பைராக்சீன் என்ற இரண்டு கனிமங்கள் அந்த இடத்து வெளிச்சத்தை விழுங்குவதால் வரும் பள்ளம். விழுகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை வெரா திருப்பி அனுப்புகிறது. ஆகவே இது கல் வகை என்று முடிவு கட்டுகிறார்கள். அவர்கள் பட்டியலில் எஸ் வகை.

கல் என்றதும் நம் ஊர்க் கிரானைட் என்று நினைத்துவிடாதே. பர்கூர்ப் பக்கம் எடுக்கிற பாரடைசோ போன்ற கற்களில் குவார்ட்சும் பெல்ட்ஸ்பாரும் நிறைய. அவை பூமிக்குள் ஆழத்தில் வெந்து, நெருக்குண்டு, நீரின் உதவியோடு உருவானவை. வெராவில் அதற்கு வழி இல்லை. வெராவுக்கு ஓரளவு கிட்ட வருவது நம் கருப்புக் கல்தான், டைக் என்று சொல்வோமே அது. அதிலாவது பைராக்சீன் இருக்கிறது. வயதிலும் நம் கல் ஈடாகாது. கிருஷ்ணகிரிப் பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழையது என்று நாம் பெருமை பேசுகிறோம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சிறுகோள்கள் சுற்றுகிற பட்டையிலிருந்து வந்து விழுந்த கற்களை அளந்தால் 456 கோடி ஆண்டு வருகிறது.

ஒரு விஷயம் படித்தபோது மட்டும் எழுந்து நடந்தேன். குவாரியில் வெயிலும் மழையும் பட்ட மேல்தோல் ஒரு நிறம், உடைத்த உள்முகம் வேறு நிறம் அல்லவா? மேல்தோலைப் பார்த்து விலை பேசியவன் நஷ்டப்படுவான். வானத்துக் கல்லுக்கும் அப்படி ஒரு தோல் உண்டாம். அங்கே மழை இல்லை. சூரியனிலிருந்து வீசும் துகள்களான சூரியக் காற்றும் நுண்ணிய தூசு மோதல்களும் சேர்ந்து, கனிமத்தில் இருக்கும் இரும்பைக் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக வெளியே கொண்டுவந்து, மேற்பரப்பைக் கருக்கிச் சிவப்பாக்குகின்றன. இதனால் ரொம்ப காலம் ஒரு குழப்பம் இருந்தது. பூமியில் அதிகமாக விழும் கற்களின் நிறமும் எஸ் வகைச் சிறுகோள்களின் நிறமும் ஒத்துப்போகவில்லை. இந்தக் கற்களுக்குத் தாய்ப்பாறை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஜப்பானின் ஹயபுசா கலம் 2005இல் இட்டோகவா என்ற எஸ் வகைச் சிறுகோளை அடைந்து, 2010இல் அதன் தூசைக் கொண்டுவந்து சேர்த்தது. தோலைத் தாண்டி மணியைப் பார்த்தார்கள். தாய்ப்பாறை அதுவேதான், எல்எல் என்று அவர்கள் குறிக்கிற, உலோகம் குறைந்த கல்.

“போக முடியாத கல்லைப் பற்றித் தெரிந்து என்ன ஆகப்போகிறது?” என்று கேட்டாயே, அதற்குப் பதில் சூளகிரியில் இருக்கிறது. 2008 செப்டம்பர் 12 அன்று அங்கே வானத்திலிருந்து கல் விழுந்தது நினைவிருக்கிறதா? நூறு கிலோவுக்கு மேல். விண்கற்களின் உலகப் பட்டியலில் அதற்குப் பெயரே சூளகிரி. வகை என்ன தெரியுமா? எல்எல். ஜப்பான்காரர்கள் கலம் அனுப்பிக் கஷ்டப்பட்டு எடுத்து வந்தது ஒரு கிராம்கூட இல்லாத தூசு. அதே வகைக் கல் நம் மாவட்டத்துக்கு வண்டிச் சத்தம்கூட இல்லாமல் தானாக வந்து இறங்கியிருக்கிறது! அன்றைக்கு நான் பட்டறைக் கணக்கில் மூழ்கியிருந்தேன், ஒசூர்ப் பக்கம் ஏதோ விழுந்ததாம் என்று கேட்டதோடு சரி. சூளகிரிக் கல் வெராவிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த வகைக் கற்களில் பெரும்பாலானவை பட்டையின் உட்பகுதியிலிருந்து, அதாவது சீதா சுற்றுகிற பக்கத்திலிருந்து வருகின்றன என்றுதான் கருதுகிறார்கள்.

வெரா சுற்றுவது பட்டையின் வெளிப்பக்கத்தில். அதுதான் என்னை அதன் மேல் பிரியப்பட வைத்தது. அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் கரி நிறைந்த கருங்கற்கள். விழும் வெளிச்சத்தில் இருபதில் ஒரு பங்கைக்கூடச் சில சமயம் திருப்பித் தராதவை. போக்சனே கண்ட சில்வியாவும் கமில்லாவும் அப்படி இருண்ட கற்கள்தான். அவர்கள் நடுவே வெளிச்சமான கல் வகை எப்படி வந்தது? வியாழன் தன் இளமையில் சூரியனை நோக்கி உள்ளே நகர்ந்து, பிறகு வெளியே திரும்பியது, அந்தப் போக்குவரத்தில் உள்ளே பிறந்ததும் வெளியே பிறந்ததும் இடம் மாறிக் கலந்துவிட்டன என்று 2011இல் ஒரு கருத்து சொன்னார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவல்ல. எனக்கு அது சரியாகவே படுகிறது. குவியலில் வேற்றுக்கல் ஒன்று கிடந்தால், யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள் என்றுதான் குவாரிக்காரன் முதலில் நினைப்பான்.

ராமானுஜன் பெயரில் ஒரு சிறுகோள் இருக்கிறதே, பெருமைக்கு அது போதாதா என்றும் எழுதியிருந்தாய். போதும்தான். 1988 பிப்ரவரியில், நம் பக்கத்து ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வு நிலையத்தில் ராஜமோகன் கண்டது; எண் 4130. ஆனால் அதற்கு முன்னால் இந்திய மண்ணிலிருந்து கடைசியாகக் கண்ட சிறுகோள் எது என்று பார். வெராதான். நடுவில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஒன்றுமே இல்லை. காவலூரைக் கொண்டாடுகிறவர்கள் அந்த இடைவெளியைப் பற்றிப் பேசுவதில்லை. 1899இல் நிலையம் கொடைக்கானலுக்கு மாறி, கவனம் சூரியனுக்குப் போய்விட்டது என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கிறார்கள். தை பிறந்ததும் நீ வந்தால் திருப்பத்தூர் வழியாகக் காவலூர் போய் வரலாம். வானம் அப்போது தெளிவாக இருக்கும்.

அதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை செய்ய வேண்டும். நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில், 1792இல் கட்டிய அந்தப் பழைய வானாய்வு நிலையத்தின் கருவியைத் தாங்கிய கிரானைட் தூண் இன்னும் நிற்கிறது. தமிழிலும் தெலுங்கிலும்கூட அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். எழுத்தைப் படம் பிடித்தவர்கள் நிறையப் பேர். கல்லை யாரும் கிட்டப் போய்ப் பிடிக்கவில்லை. எனக்குக் கல்லின் மணி தெரிய வேண்டும். சில்லு பெயர்ந்த விளிம்பு எங்காவது இருக்கும், அங்கே பக்கவாட்டு வெளிச்சத்தில், காலை எட்டு மணிக்குள், ஒரு ரூபாய் நாணயத்தை அளவுக்கு வைத்து நாலைந்து படம் எடு. முடிந்தால் ஒரு கை தண்ணீர் தெளித்து ஒரு படம். எந்தப் பக்கத்துக் கல் என்று பார்த்துச் சொல்கிறேன். அனுமதி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். உன் அக்கா மருமகன் மத்திய அரசு வேலையில்தானே இருக்கிறார்? கூச்சப்படாமல் வாயைத் திறந்து கேள்.

அன்புடன்,
முனிரத்தினம்