மேகமூட்டத்திலும் தோல் கருகும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் உடல்நலப் பக்கத்தில், 'மந்தாரமான நாட்களில் தொப்பி, சன்ஸ்கிரீன் எதுவும் தேவையில்லை. வெயில் சுடவில்லை என்றால் தோலுக்கும் கெடுதல் இல்லை' என்று ஒரு வரி வந்திருக்கிறது. நெடுநாள் வாசகன் என்ற உரிமையில் கேட்கிறேன். அச்சுக்குப் போகும் முன் இதை ஒரு தோல் மருத்துவரிடம் காட்டியிருக்கக் கூடாதா?

வெயில் சுடுவது வேறு, தோலைக் கருக்குவது வேறு என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. நமக்குச் சூடாகத் தெரிவதில் பெரும்பங்கு அகச்சிவப்புக் கதிர். மேகத்தில் இருக்கும் நீர் அதை நன்றாகவே தடுத்துவிடுகிறது, உடம்புக்கும் இதமாக இருக்கிறது. ஆனால் தோலைக் கன்றவைப்பது புற ஊதாக் கதிர். அது மேலே படுவதை உடம்பு உணர்வதே இல்லை. மெல்லிய மேகமாக இருந்தால் அதில் 80 சதவீதம் வரை கீழே வந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருத்துத் திரண்ட மழைமேகம் நிறையவே தடுக்கும், மறுக்கவில்லை. அதே சமயம், திட்டுத்திட்டாக மேகம் நிற்கும் நாளில் நேராக வரும் கதிரோடு மேகத்தில் பட்டுச் சிதறும் கதிரும் சேர்ந்துகொண்டு, கொஞ்ச நேரத்துக்குத் தெளிந்த வானத்தைவிட அதிகமாக இறங்குவதும் உண்டு.

நான் உடற்பயிற்சி ஆசிரியன். மைதானத்திலேயே காலம் போகிறது. ஒரு விளையாட்டு விழாவில், காலையில் வானம் மூடியிருந்ததைப் பார்த்து, 'மப்பா இருக்கே, எதுக்குப் பந்தல்?' என்று பிள்ளைகள் உட்காரும் இடத்துப் பந்தலைப் பிரித்துவிட்டார்கள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. பிள்ளைகள் மாலை வரை வெட்டவெளியில் இருந்தார்கள். அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வெயில் பட்ட சிவப்பு சில மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும், மறுநாள்தான் உச்சத்துக்குப் போகும். மறுநாள் வகுப்புக்கு வந்த ஒரு பெண்பிள்ளை பையைத் தோளில் மாட்ட முடியாமல் கையில் தூக்கிக்கொண்டு வந்தது. பனியனின் தோள்பட்டி இருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் கோடாக இருந்தது, சுற்றிலும் கன்றிப்போய்த் தொட்டாலே எரிந்தது. சில நாளில் காது மடல் தோல் உரிந்தது. அந்தப் பிள்ளையின் அம்மா என்னிடம் வந்து, 'வெயிலே அடிக்கலையே சார்' என்றார். இப்போது உங்கள் இதழும் அதையே சொன்னால் நான் யாருக்கு எதைப் புரியவைப்பது?

இது முதல் தடவையாக இருந்திருந்தால் எழுதியே இருக்க மாட்டேன். கருத்த தோலை வெயில் ஒன்றும் செய்யாது என்று முன்பு ஒரு கட்டுரையில் எழுதினீர்கள். தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் ஓரளவுக்குத்தான் காப்பு. நல்ல கருத்த தோலிலும் அது, சன்ஸ்கிரீனின் காப்பு அளவைச் சொல்லும் எஸ்பிஎஃப் கணக்கில், சுமார் 13-க்குச் சமம் என்றுதான் கணக்கிட்டிருக்கிறார்கள். மருத்துவர்கள் பூசச் சொல்வது 30-ம் அதற்கு மேலும். கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால், எரிகிறது என்று பிள்ளை சொன்னாலும் பெரியவர்கள் நம்புவதில்லை.

அப்புறம் அந்த அழகுக் குறிப்பு. வெயிலில் கருத்த இடத்தில் எலுமிச்சைச் சாறு தேய்க்கச் சொன்னீர்கள். அந்தச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளமே வரலாம், கறுப்புத் திட்டு மாதக்கணக்கில் நிற்கலாம். தோல் கருப்பதை அழகுக் குறையாகவே உங்கள் பக்கங்கள் பேசுகின்றன. உயிரணுவின் டிஎன்ஏ அடிபட்ட பிறகு, மேலும் அடிபடாமல் இருக்கத் தோல் மெலனினைக் கூட்டிக்கொள்கிறது, அதுதான் கருப்பது. காயத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் நிறத்தைப் பற்றிப் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அப்போதும் கடிதம் எழுதினேன். அது பிரசுரமாகவில்லை. அது தங்கள் உரிமை, அதில் குறை சொல்ல மாட்டேன்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரிக்கு, அதே பக்கத்தில், கண்ணில் படும் அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். வானிலைப் பெட்டியில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் புற ஊதாக் கதிரின் வலிமையை எண்ணில் சொல்லும் புற ஊதாக் குறியீட்டையும் அச்சிடுங்கள். 3-ஐத் தொட்டாலே காப்பு வேண்டும், 8-ஐத் தொட்டால் மிக அதிகம் என்று கீழே ஒரு வரி சேர்த்தால் போதும். கனடா 1992-லேயே இந்தக் குறியீட்டை மக்களுக்கு அறிவிக்கத் தொடங்கிவிட்டது. அடுத்த முறை யாராவது பந்தலைப் பிரிக்க வந்தால், அந்தப் பெட்டியை நீட்டிக் காட்ட எனக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓர் உடற்பயிற்சி ஆசிரியர்