கூண்டு ஏற்றினால் படகு இறங்குமா?

புதுச்சேரியிலிருந்து வருடா வருடம் இமயமலைக்கு ஆள் கூட்டிப்போகும் மலையேற்றக் குழு அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். போன குளிர்காலத்தில் உங்களோடு உத்தரகாண்ட் வந்த கடலூர் முதுநகர்க்காரன் எழுதுகிறேன். சாப்பாடு, டென்ட், ரயில் டிக்கெட் எதிலும் குறையில்லை. குறையெல்லாம் மூன்றாம் நாள் காலையில்தான். ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருந்தது, காற்றும் ஓயவில்லை. சரிவில் கால் வைத்ததும் அடியில் 'தொம்'மென்று ஒரு சத்தம். நின்ற பனி மொத்தமாக ஒரு விரற்கடை கீழே இறங்கியது. உள்ளூர் வழிகாட்டி அப்படியே நின்றுவிட்டார். நீங்களோ, "ரிட்டர்ன் டிக்கெட் போட்டாச்சு, நடங்க" என்றீர்கள். நடந்தோம். ஒன்றும் ஆகவில்லை, சரி. அது நம் அதிர்ஷ்டம்.

அந்தச் சத்தம் என்னவென்று ஊருக்கு வந்துதான் படித்துத் தெரிந்துகொண்டேன். குளிர்காலத் தொடக்கத்தில் மெல்லிசாக விழும் பனி, தரையின் கதகதப்புக்கும் மேல்காற்றின் கடுங்குளிருக்கும் நடுவில் கிடந்து, அஸ்கா சர்க்கரை மாதிரி உதிரியாகிவிடும். ஒன்றோடொன்று ஒட்டாது. அதன்மேல் காற்று அள்ளிவந்து அடுக்கும் பனியோ பலகையாக இறுகிவிடும். ஆள் ஏறினால் அடியிலிருக்கும் அஸ்கா நொறுங்கும். நாம் கேட்ட 'தொம்' அதுதான். சாய்வு 30 முதல் 45 டிகிரி இருந்தால் பலகை ஆளோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போகும். அதுதான் பனிச்சரிவு. ஆளை விழுங்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றைக் கிளப்பிவிடுவதே அங்கே போன ஆட்கள்தானாம்.

2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாண்டின் திரௌபதி கா தண்டா சிகரத்தில் ஒரு மலையேற்றப் பயிற்சிக் குழுவையே பனிச்சரிவு மூடியது. அந்த மாதமே 27 உடல்களை மீட்டார்கள். அவர்கள் அடிப்படைப் பயிற்சி முடித்து மேல்பயிற்சிக்கு வந்தவர்கள். நாமோ தேவனாம்பட்டினம் மணலில் நடந்து பழகியவர்கள்.

துறைமுகத்தில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் எங்கள் பக்கம் படகு இறங்காது. "டீசல் போட்டாச்சே" என்று யாரும் வாதாடுவதில்லை. பனிச்சரிவுக்கும் சண்டிகரில் உள்ள ராணுவ ஆய்வு நிறுவனம் மாவட்டவாரியாக எச்சரிக்கை விடுகிறது. அதை யாராவது ஒருவர் தினமும் காலையில் பாருங்கள்.

அப்புறம் கருவிகள். பனியில் புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் உயிர் தங்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்குள் எந்த ஹெலிகாப்டரும் வராது, கூட நிற்பவன்தான் தோண்ட வேண்டும். புதைந்தவர் எங்கே என்று காட்டிக்கொடுக்க ஆளுக்கொரு சிக்னல் கருவி, குத்திப் பார்க்க நீளக் கம்பி, மண்வெட்டி வேண்டும். அன்று நம்மிடம் இருந்தது ஒரே மண்வெட்டி, அதுவும் கக்கூஸ் குழி தோண்ட.

டிசம்பர் பயணத்துக்கு முன்பணம் கேட்டிருந்தீர்கள். வழிகாட்டி நின்றால் எல்லாரும் திரும்புவோம் என்று எழுதித் தாருங்கள். அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்.