பேருந்து நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நகர வாழ்வும் மன அழுத்தமும் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரை, அலுவலகப் பணியாளர்களின் தூக்கமின்மையை விரிவாகப் பேசிவிட்டு, நகரத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்குக் குடிபெயர்க்கப்பட்டவர்களைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாதது எனக்குக் குறையாகப் பட்டது.

சென்னையின் ஆற்றங்கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும், நான் வசிக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டன. பலருக்கு வேலை மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. வீட்டு வேலைக்காக மயிலாப்பூர் செல்லும் எங்கள் எதிர்வீட்டுப் பெண்மணி, நான்கு மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு, வெறும் வயிற்றோடு ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடிக்கிறார். சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை போட்டால் வழியில் மயக்கம் வந்துவிடுமோ என்று அஞ்சி, காலை மாத்திரையை விட்டுவிடுகிறார். மருத்துவக் குறிப்பில் அவர் 'மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாதவர்', அவ்வளவுதான்.

சென்னையில் 2001-இல் தொடங்கிய நகர்ப்புற-ஊரக நோய்ப்பரவல் ஆய்வு, 26,001 பேரைச் சேர்த்து நீரிழிவைப் பற்றி நமக்கு நிறையக் கற்றுத் தந்தது. ஜெர்மனியில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வோ, கணக்குப் போடவைத்து, குறைகூறிக்கொண்டே மூளையைப் படம்பிடித்து, நகரவாசிகளிடம் அச்சத்தோடும் பதற்றத்தோடும் தொடர்புடைய அமிக்டலா என்னும் மூளைப் பகுதி கூடுதலாகத் தூண்டப்படுவதைக் காட்டியது. (எங்கள் பகுதியில் அதற்கு எந்திரம் வேண்டாம், வேலைக்குத் தாமதமாகப் போகும் ஒரு நாள் போதும்.) ஆனால் 'நகரம்' என்று ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட்டால், ஒரே நகரத்துக்குள் மயிலாப்பூரில் குடியிருப்பவருக்கும் அங்கே வேலைக்கு வந்துபோகிறவருக்கும் உள்ள வேறுபாடு மறைந்துபோகிறது.

இனி வரும் ஆய்வுகள், குடும்பங்கள் இடம் மாற்றப்படுவதற்கு முன்பே அவர்களின் ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, தூக்கம் ஆகியவற்றைப் பதிவுசெய்து, மாறியவர்களையும் அங்கேயே தங்கியவர்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து ஒப்பிட வேண்டும். பயண நேரம், இரவு இரைச்சல், அவசரத்துக்கு ஓடிவரும் உறவினர் எத்தனை தொலைவில் இருக்கிறார் என்பனவும் அப்பதிவில் இடம்பெற வேண்டும். வீடு மாறிய பிறகு வந்து கேட்டால், முன்பிருந்த நிலையை யார் நினைவில் வைத்துச் சொல்வார்கள்?

இன்னொன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் தமிழக அரசுத் திட்டம் போல வீடு தேடிச் செல்லும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருப்பதால், ஆய்வுக்கென்று புதிய வழி தேட வேண்டியதில்லை. ஆய்வுக் குழுவினர் ஞாயிற்றுக்கிழமையிலோ இரவு எட்டு மணிக்கு மேலோ வந்தால் நல்லது. பகல் பதினொரு மணிக்கு எங்கள் எதிர்வீட்டில் பூட்டுதான் தொங்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பெரும்பாக்கம்.